கிணத்துக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

அந்தக் கிணத்துத் தண்ணி கெட்ட தண்ணியா இருந்தே தீரணும்னு செக்கர் முடிவு பண்ணினது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அப்போ அவரு அந்தக் கிணத்தைக் கண்ணால பாத்ததுகூட இல்ல.

பாக்காம முடிவு பண்றது அவரு வழக்கம் கிடையாது. இருபத்திரெண்டு வருஷமா சட்டைக் கம்பெனியில கடைசி மேஜையில நிக்கிறவரு. தைச்சு, காஜா போட்டு, பட்டன் வெச்சு, நூல் வெட்டி, எல்லாம் முடிஞ்ச சட்டை அவரு மேஜைக்கு வரும். தலைக்கு மேல ரெண்டு டியூப்லைட். காலர் நுனி ரெண்டும் ஒரே நீளமா, பாக்கெட் கோடு சட்டைக் கோட்டோட சேருதா, கைமடிப்புல தையல் விட்டிருக்கான்னு பாப்பாரு. குறை இருந்தா அந்த இடத்துல அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒண்ணு. "சட்டையில குறை தெரியலைன்னா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம்" அப்படிங்கிறது அவரு சித்தாந்தம். கம்பெனியில செக்கர்னு கூப்பிட ஆரம்பிச்சு, அப்புறம் பேப்பர் போடுறவருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும்கூட அவரு செக்கர்தான். வீட்டுல மட்டும் 'என்னங்க'.

வீடு பாக்குறதுலயும் அதே கண்ணுதான். நாலு வருஷத்துல முப்பத்தோரு வீடு பாத்து, முப்பத்தொண்ணுக்கும் மனசால ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. ஒரு வீட்டுல மாடிப்படியில ஒரு படி மட்டும் அரை இஞ்ச் உயரம். இன்னொண்ணுல சமையல்ரூம் கதவைத் திறந்தா குளியல்ரூம் கதவு மூடிக்குது. ஒரு வீட்டுல எல்லாமே சரியா இருந்துச்சு. அது சந்தேகமா இருக்குன்னு வேண்டாம்னுட்டாரு.

முப்பத்திரெண்டாவது வீட்டைக் கண்டுபிடிச்சது அவரு சம்சாரம். ஆஸ்பத்திரி லேப்ல சாம்பிள் வாங்கி, லேபிள் ஒட்டி, நோட்டுல பதிஞ்சு உள்ள அனுப்புற வேலை அந்தம்மாவுக்கு. ஒரு நாளைக்கு முந்நூறு பாட்டில். முந்நூறுல எது யாருதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதிகம் பேசமாட்டாங்க. பேசுறதுக்குப் பதிலா எழுதி ஒட்டிடுவாங்க.

"ஒரு வீடு வந்திருக்குங்க. தனி வீடு. மூணு ரூம், பின்னாடி தோட்டம், சொந்தக் கிணறு."

"எங்க?"

"எங்க அக்கா தெருவுல."

"தெருவுல எங்க?"

"அக்கா வீட்டை ஒட்டி."

செக்கர் கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாரு.

"ஒட்டின்னா?"

"ஒட்டின்னா ஒட்டித்தான். நடுவுல ஒரு சுவரு. அதுவும் நெஞ்சு உயரம்தான். நின்னு பேசிக்கிறதுக்கு வசதி."

அந்த அக்கா மேல அவருக்கு ஒரு குறையும் கிடையாது. அக்காவைக் கட்டினவரு இருக்காரே, அவருதான் விஷயம். டிரைவிங் ஸ்கூல் நடத்துறாரு. இருபத்தஞ்சு வருஷம் பக்கத்து சீட்டுலயே உக்காந்து உக்காந்து, உலகத்துல இருக்கிற அத்தனை பேரும் எல் போர்டுங்கிற எண்ணம் வந்திடுச்சு மனுஷனுக்கு. நாம சும்மா ரோட்டுல நடந்தா, "சகலை, லெஃப்ட் எடுங்க, லெஃப்ட் எடுங்க, பின்னாடி லாரி" ம்பாரு. சாப்பிட உக்காந்தா, "அவசரமே வேண்டாம் சகலை, முன்னாடி போன கவளம் இறங்கட்டும், இடைவெளி விட்டுப் போங்க" ம்பாரு. நாம வாயைத் திறந்து ஒரு பேச்சை ஆரம்பிச்சா, அவரு வலது கால் தானா தரையை அழுத்தும். பிரேக்காம்.

செக்கருக்கு வாரத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு டியூப்லைட் இல்லை, காலர் இல்லை, குறை இல்லை. பாயை விரிச்சு, கண்ணை மூடிக்கிட்டு, ஒண்ணையும் பாக்காம கிடப்பாரு. நெஞ்சு உயரச் சுவருக்கு அந்தப் பக்கம் சகலைன்னா அந்த ஞாயிறு போச்சு. ஒரு ஞாயிறா, ரெண்டா? மிச்சமிருக்கிற ஆயுசோட ஞாயிறு மொத்தமும் போச்சு.

இதைச் சம்சாரத்துகிட்ட சொல்ல முடியுமா? பதினெட்டு வருஷக் கல்யாணத்துல அவரு கத்துக்கிட்டது ஒண்ணுதான். பொண்டாட்டியோட பொறந்த வீட்டு ஆளுங்க மேல ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. ஒட்டினா, பசை நம்ம கையை விட்டுப் போகாது.

அதனால பழியைத் தூக்கிக் கிணத்துல போடுறதுன்னு தீர்மானம் பண்ணினாரு. கிணறு திருப்பிப் பேசாது.

மறுநாள் கம்பெனியில பாய்லர் பாக்குறவரைப் பிடிச்சாரு. தண்ணியைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல.

"அண்ணே, சொந்தக் கிணறு இருக்கிற வீடு வாங்கணும்னா என்னென்ன பாக்கணும்?"

"வாங்கணுமா, வாங்காம இருக்கணுமா? அதைச் சொல்லு முதல்ல."

"ஏண்ணே அப்படிக் கேக்குறீங்க?"

"வாங்குறதுக்குன்னா ஏழு விஷயம். வாங்காம இருக்கிறதுக்குன்னா எத்தனை வேணும்னாலும் சொல்றேன்."

பாய்லர்காரர் ஏழு சொன்னாரு. செக்கர் தன் பங்குக்கு நாலு சேத்துக்கிட்டாரு. பதினொண்ணையும் சட்டை பரிசோதனை பண்ற ஃபாரம் ஒண்ணுலயே எழுதி, வீட்டுக்குக் கொண்டுவந்து சம்சாரத்துகிட்ட நீட்டினாரு. முகத்தை ரொம்பப் பொறுப்பா வெச்சுக்கிட்டாரு.

"வீடு நல்ல வீடா இருக்கலாம். ஆனா கிணறு இருக்கு பாரு, அது விளையாட்டு இல்ல. ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

அந்தம்மா பதினொண்ணையும் படிச்சாங்க.

"பதினொண்ணும் பாஸ் ஆச்சுன்னா?"

"முதல் கையெழுத்து என்னுது."

"ஒண்ணு ஃபெயில் ஆச்சுன்னா?"

"ஒண்ணே ஒண்ணு ஃபெயில் ஆனாலும் வீடு வேண்டாம். சட்டைக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?"

"சரிங்க."

சரிங்கன்னாங்க. அவ்வளவுதான். அந்த இடத்துல செக்கர் கொஞ்சம் பயந்திருக்கணும். பயப்படலை.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குப் போய் நின்னாங்க. வீட்டை விக்கிறவரு கடிகாரம் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்த பெரியவரு. கை நடுங்க ஆரம்பிச்சதும் தொழிலை விட்டுட்டாரு. மகள்கிட்ட போய் இருக்கப் போறாராம். கூடத்துச் சுவத்துல பதினாலு கடிகாரம். பதினாலும் ஒரே நேரம் காட்டிச்சு. எது தப்புன்னு செக்கர் பதினாலையும் ஒரு சுத்து பாத்தாரு. அந்த இடத்துலயே அவருக்கு மனசு கொஞ்சம் சோர்ந்து போச்சு.

கிணறு பின்பக்கம். வட்டக் கிணறு, இடுப்பு உயரக் கைப்பிடிச்சுவரு, மேல கம்பி வலை. செக்கர் எட்டிப் பாத்தாரு. உள்ளேயிருந்து அவரு முகமே அவரை எட்டிப் பாத்துச்சு. ரெண்டு முகத்துலயும் சந்தோஷம் இல்ல.

"தண்ணி கிடக்கே நிறைய," ன்னாரு, குத்தம் சொல்ற மாதிரி.

"ஊத்துத் தண்ணிங்க" ன்னாரு கடிகாரக்காரர்.

"அதான் கேக்குறேன். எந்த லாரியில கொண்டுவந்து ஊத்துனீங்க?"

"ஊத்துன தண்ணி இல்லைங்க. ஊத்துத் தண்ணி. தானா சுரக்கிறது."

"யாரும் ஊத்தாமயா?"

"நான் ஒரு செம்பு ஊத்தினதில்லை தம்பி."

சம்சாரம் பேனாவை எடுத்து ஃபாரத்துல ஒரு டிக் போட்டாங்க. "அடுத்தது என்னங்க?"

அடுத்தது ஆழம். கயித்துல கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினாரு. முப்பத்தெட்டு முடிச்சு போச்சு, அதுல இருபத்திரெண்டு நனைஞ்சு வந்துச்சு. டிக். கைப்பிடிச்சுவருல வெடிப்பு இருக்கான்னு பாத்தாரு. ஒரு இடத்துல கோடு மாதிரி தெரிஞ்சுது. சந்தோஷத்துல கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு குனிஞ்சு பாத்தா, எறும்பு வரிசை. டிக். மழைத் தண்ணி கிணத்துக்குள்ள வழியுமான்னு ஒரு வாளித் தண்ணியைச் சுத்தி ஊத்திப் பாத்தாரு. அத்தனையும் தோட்டத்துப் பக்கம் ஓடிப்போச்சு. டிக். பத்திரத்துல கிணறு முழுசா இவங்களுக்கா, இல்ல பக்கத்து ஆளுக்குப் பங்கு உண்டான்னு கேட்டாரு. கடிகாரக்காரர் பத்திரத்தைக் கொண்டுவந்து விரிச்சாரு. நாலு பக்கமும் சுவரு, நடுவுல கிணறு, கிணத்துல ஒரு சொட்டுகூட பங்கு கிடையாது. டிக்.

அப்புறம் கக்கூஸ் தொட்டி. கிணத்துக்கும் அதுக்கும் குறைஞ்சது அம்பது அடி இருக்கணும்னு பாய்லர்காரர் சொல்லியிருந்தாரு. செக்கர் பையிலேயிருந்து டேப்பை எடுத்தாரு. கம்பெனி டேப். சட்டைக்கு அளவெடுக்கிறது. மொத்தமே அஞ்சடி.

"இதை வெச்சா அளக்கப் போறீங்க?" ன்னாங்க சம்சாரம்.

"அஞ்சு அஞ்சா அளந்தா ஆகாதா?"

"அந்தப் பக்கம் ஒரு ஆள் பிடிக்கணுமே?"

சுவருக்கு மேல ஒரு தலை எழுந்துச்சு. "நான் பிடிக்கிறேன் சகலை!"

டிரைவிங் ஸ்கூல்காரர் அந்த வயசுல சுவரைத் தாண்டி வந்தது ஒரு அழகு. டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"வாங்க சகலை, நேரா வாங்க. ஸ்டெடி. ஸ்டெடி. கொஞ்சம் ரைட் ஒடிங்க. ஓவர், ஓவர்! ரிவர்ஸ் வாங்க. பின்னாடி பாத்து ரிவர்ஸ் வாங்க, துணி துவைக்கிற கல்லு இருக்கு."

செக்கர் கல்லுல இடிச்சுக்கிட்டாரு.

"சொன்னேன்ல?"

அறுபத்தி மூணு அடி. செக்கர் திருப்பி அளந்தாரு. அறுபத்தி மூணேகால். டிக் போட்டாங்க அந்தம்மா.

மிச்சமிருந்ததுல பெரிசு மோட்டார் ஓட்டுற சோதனை. நாலு மணி நேரம் விடாம மோட்டாரை ஓட்டி, தண்ணி எவ்வளவு இறங்குது, நிறுத்தினப்புறம் எவ்வளவு நேரத்துல பழைய மட்டத்துக்கு ஏறுதுன்னு பாக்கணும். பாய்லர்காரர் ஒரு மணி நேரம் போதும்னுதான் சொன்னாரு. நாலாக்கினது செக்கர். நாலு மணி நேரம் இழுத்தா எந்தக் கிணறும் வாயைப் பொளந்திடும்னு ஒரு நம்பிக்கை.

அந்த நாலு மணி நேரம் எங்க உக்காருறதுன்னு அவரு யோசிக்கலை. கிணத்தடியில ரெண்டு நாற்காலி போட்டாங்க. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணுல சகலை உக்காந்தாரு. அக்காவும் தங்கச்சியும் வீட்டுக்குள்ள எந்த அலமாரி எங்க வரும்னு பேசப் போயிட்டாங்க. கடிகாரக்காரர் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து கயித்தை இறக்கிப் பாத்து, நேரத்தை வினாடியோட சொல்லிட்டுப் போனாரு.

"சகலை, இந்த வீடு மட்டும் அமைஞ்சுதுன்னு வைங்க," ன்னாரு டிரைவிங் ஸ்கூல்காரர். "ஞாயித்துக்கிழமை காலையில நான் இந்தச் சுவருல இந்த மாதிரி கையை ஊனிப்பேன். நீங்க அந்த மாதிரி ஊனிப்பீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாயங்காலம் வரைக்கும் பேச்சுதான்."

செக்கர் கிணத்துக்குள்ள பாத்தாரு. 'வத்திடு தாயே'ன்னு மனசுக்குள்ள கும்பிட்டாரு. கிணறு ஒன்பது அடி இறங்குச்சு. மோட்டாரை நிறுத்தினாங்க. கிணறு சாவகாசமா மூச்சு விட்டுக்கிட்டு மேல வர ஆரம்பிச்சுது.

"ரெண்டு மணி, பதினோரு நிமிஷம், நாப்பது வினாடி," ன்னாரு கடிகாரக்காரர். "பழைய மட்டம் வந்தாச்சு."

"உங்க கடிகாரம் சரியா ஓடுதா?" ன்னாரு செக்கர்.

அந்தப் பெரியவரு அவரை ஒரு பார்வை பாத்தாரு. அந்தக் கேள்விக்கு மன்னிப்பே கிடையாது.

பத்து டிக் ஆச்சு. பதினொண்ணாவது, தண்ணியை லேப்ல குடுத்துப் பாக்குறது.

"இது என் டிபார்ட்மென்ட். நீங்க தள்ளுங்க," ன்னுட்டாங்க சம்சாரம். கிணத்துக் குழாயைப் பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டாங்க. குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சாங்க. கையைக் கழுவினாங்க. பாட்டில் மூடியோட உள்பக்கத்தைத் தொடாம பிடிச்சுக்கிட்டு, கழுத்து வரைக்கும் தண்ணி பிடிச்சு, மூடி, பைக்குள்ள வெச்சாங்க. பாத்துக்கிட்டிருந்த சகலையே ஒரு வார்த்தை பேசலை. அவரு கால்கூட தரையை அழுத்தலை.

வீட்டுக்கு வந்ததும் அந்தம்மா சமையல்ரூம்ல கொஞ்ச நேரம் என்னவோ பண்ணிட்டு, சாயங்கால டியூட்டிக்குக் கிளம்பினாங்க. கிளம்பும்போது சொன்னாங்க:

"ஃபிரிட்ஜ்ல ஒரு பாட்டில் வெச்சிருக்கேன். காலையில வேலைக்குப் போற வழியில தண்ணி லேப்ல குடுத்திடுங்க. ஃபாரம் எல்லாம் எழுதி ரப்பர்பேண்ட் போட்டாச்சு. பாட்டிலைத் திறக்காதீங்க."

"நான் எதுக்கு அதைத் திறக்கப் போறேன்?"

"அதான். எதுக்கு?"

கதவு சாத்திக்கிச்சு. செக்கர் ஃபிரிட்ஜைத் திறந்தாரு.

பாட்டில் பாலுக்குப் பக்கத்துல, பச்சைக் குழந்தை மாதிரி நின்னுது. வெள்ளை லேபிள். அதுல '2'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. அன்னைக்குத் தேதி ரெண்டு. தேதியைத்தான் எழுதியிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டாரு. காலர் நுனியில ஒரு நூல் தள்ளியிருந்தாக்கூட பிடிக்கிற கண்ணு அது. அன்னைக்கு லீவுல இருந்துச்சு.

முதல்ல உப்பு போடலாம்னு நினைச்சாரு. உப்புன்னா லேப்ல 'இது எந்தக் கடல்?'னு கேப்பாங்க. பாய்லர்காரர் சொன்னது ஞாபகம் வந்துச்சு: "தோட்டத்து உரம் இறங்கின தண்ணி, கிருமி உள்ள தண்ணி, இந்த ரெண்டும்தான் கிணத்துக்கு எமன்." உரமும் கிருமியும் ஒரே இடத்துல எங்க கிடைக்கும்? பால்கனியில கிடைக்கும். அங்க பூந்தொட்டிக்கு அடியில ஒரு தட்டு. சம்சாரம் வாரா வாரம் வெள்ளை வெள்ளையா உரம் போட்டுத் தண்ணி விடுறாங்க. வடிஞ்ச தண்ணி காப்பிக் கலர்ல தட்டுல நிக்குது. அதுல ஒரு கொசுப்புழு நீச்சல் பழகிக்கிட்டிருந்துச்சு.

ஒரு ஸ்பூன் எடுத்தாரு. கை கொஞ்சம் தயங்குச்சு. இருபத்திரெண்டு வருஷத்துல குறை இல்லாத சட்டைக்கு அவரு ஸ்டிக்கர் ஒட்டினதே இல்ல. முதலாளியே வந்து சொன்னப்பகூட ஒட்டலை. இன்னைக்கு நல்ல சட்டையில தானே ஓட்டையும் போட்டு, தானே ஸ்டிக்கரும் ஒட்டுறாரு. சுவருல கையை ஊனி நிக்கிற சகலை மனசுல வந்தாரு. ரெண்டு ஸ்பூன் ஊத்தினாரு. புழு கூட வரப் பாத்துச்சு. அதை மட்டும் ஈரமனசோட தட்டுலயே விட்டுட்டாரு.

திங்கக்கிழமை காலையில பாட்டில் லேப்புக்குப் போச்சு. அந்த வாரம் முழுக்க செக்கர் ரொம்ப நல்ல மனுஷனா இருந்தாரு. வீட்டைப் பத்தி ஆசையா பேசினாரு. தோட்டத்துல என்ன செடி வெக்கலாம்னு கேட்டாரு. கெடுதல் பண்ணினவனுக்கு வர்ற தாராளம் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்சாரம் ரிப்போர்ட்டோட வந்தாங்க. கவரைக் கொடுத்தாங்க. செக்கர் பிரிச்சு, ஜன்னல் பக்கமா போய், வெளிச்சத்துல வெச்சுப் படிச்சாரு. நைட்ரேட், அதான் உரத்துல இருக்கிறது, இருக்க வேண்டிய அளவைப் போல ஏழு மடங்கு. கிருமி எண்ணிக்கைங்கிற கட்டத்துல நம்பரே இல்ல. 'எண்ண முடியாத அளவு'ன்னு எழுதியிருந்துச்சு. கீழ சிவப்பு மையில முத்திரை: குடிக்க உகந்தது அல்ல.

இவ்வளவு பெரிய ஸ்டிக்கரை அவரு வாழ்க்கையில பாத்ததில்லை.

"அடப்பாவமே," ன்னாரு. குரல் நல்லாவே தழுதழுத்துச்சு. "எவ்வளவு நல்ல வீடு!"

"ரொம்ப மோசமாங்க?"

"மோசமா? இது தண்ணி இல்ல, விஷம். எண்ண முடியலைங்கிறான். எண்ணுறதுக்குன்னே படிச்சவன், அவனே கையை விரிச்சுட்டான்."

"அப்போ இந்தத் தண்ணி இருக்கிற வீட்டுல..."

"ஒரு நாள் இருக்கக்கூடாது. ஒரு மனுஷன் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது."

"இருங்க, அக்கா லைன்ல இருக்கா. அவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டா." போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜையில வெச்சாங்க.

செக்கர் போனுக்கு முன்னாடி நிமிந்து உக்காந்தாரு. "அண்ணி, மனசைத் தேத்திக்கோங்க. எனக்கும் வருத்தம்தான். ஆனா இந்தத் தண்ணி வர்ற வீட்டுல குடும்பம் நடத்துறவன் மனுஷனே இல்ல. எது எப்படிப் போனாலும் சரி, என் சம்சாரத்தை அப்படி ஒரு வீட்டுல வெச்சிருக்க மாட்டேன். இது சத்தியம்."

"கரெக்ட் சகலை!" ன்னு போன்ல இன்னொரு குரல் வந்துச்சு. "உயிரு முக்கியம்."

"நல்லா சொன்னீங்க," ன்னாங்க சம்சாரம். பைக்குள்ள கையை விட்டு இன்னொரு கவரை எடுத்தாங்க. "இது ஒண்ணாம் நம்பர் ரிப்போர்ட்."

"ஒண்ணா?"

"நீங்க படிச்சது ரெண்டாம் நம்பரு. மேல பாருங்க, மாதிரி எண் ரெண்டுன்னு போட்டிருக்கும்."

மேல பாத்தாரு. போட்டிருந்துச்சு.

"ஒண்ணு கிணத்துத் தண்ணிங்க. அன்னைக்கே டியூட்டிக்குக் கையோட கொண்டுபோய், ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சு, காலையில நானே குடுத்தேன். எல்லாக் கட்டத்துலயும் சுத்தம். லேப்ல இருந்த அம்மா, 'எங்க வீட்டுக்கும் ரெண்டு குடம் கிடைக்குமா'ன்னு கேட்டாங்க."

"அப்போ ரெண்டு?"

"ரெண்டு நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி."

போன்ல யாரோ மூச்சு விடுறது கேட்டுச்சு.

"கிணத்துத் தண்ணின்னு சொன்னியே!"

"நான் எப்போ சொன்னேன்? ஒரு பாட்டில் வெச்சிருக்கேன்னேன். எங்க லேப்ல இது வழக்கம்ங்க. சந்தேகமா ஒரு சாம்பிளை அனுப்பினா, கூடவே நமக்குத் தெரிஞ்ச ஒண்ணையும் பேரு போடாம அனுப்புவோம். பாக்குறவங்க ஒழுங்கா பாக்குறாங்களான்னு தெரியணும்ல? நம்ம குழாய்த் தண்ணி நல்ல தண்ணின்னு நினைச்சுத்தான் அனுப்பினேன். பதினோரு வருஷமா இதையா குடிச்சிருக்கோம்!"

செக்கர் வாயைத் திறந்தாரு. தண்ணி காட்டுறதுன்னு கேள்விப்பட்டிருக்காரு. பாட்டில்ல பிடிச்சு, ஃபாரம் எழுதி, ரப்பர்பேண்ட் போட்டுக் காட்டி இப்பத்தான் பாக்குறாரு.

"இல்ல... குழாய்த் தண்ணி அப்படி இருக்காதே. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"லேப் அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. குழாய்த் தண்ணியில உரம் வரவே வராதாம். யாராவது எடுத்துக் கலந்தாத்தான் உண்டாம். 'வீட்டுல யாரும்மா இருக்கா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நானும் அவரும்தான்னேன்."

"அப்புறம்?"

"நான் கலக்கலைன்னேன்."

செக்கர் பால்கனிப் பக்கம் பாத்தாரு. பாத்திருக்கக்கூடாது. அந்தம்மாவும் கூடவே பாத்தாங்க.

"என்ன வெயிலுங்க," ன்னாங்க. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் டியூட்டிக்குப் போய் வர்றதுக்குள்ள தட்டுத் தண்ணி பாதி வத்திப்போச்சு. ஸ்பூனும் அங்கயே கிடந்துச்சு. வெயில்ல அது உருகாம இருந்ததே பெரிசு."

ரெண்டு வழி இருந்துச்சு அவருக்கு. ஒண்ணு, குழாய்த் தண்ணி விஷம்னு ஒத்துக்கணும். இல்லைன்னா பாட்டிலைத் திறந்தது யாருன்னு, ஏன் திறந்தாருன்னு, ஸ்பீக்கர்ல அண்ணியும் சகலையும் கேக்கக் கேக்கச் சொல்லணும். கிணறு திருப்பிப் பேசாதுன்னு நம்பினது தப்பில்லை. அது பேசவே இல்லை. பாட்டில்தான் பேசிடுச்சு.

"என்னங்க, யாராவது கலந்திருப்பாங்களோ?"

"சேச்சே," ன்னாரு செக்கர். "யாரு கலக்கப் போறாங்க. குழாய் பழைய குழாய்."

"அப்போ பதினொண்ணும் பாஸ்தானே?"

அந்தம்மா ஃபாரத்தை எடுத்து, பதினொண்ணாவது டிக்கைப் போட்டு, பேனாவை அவரு பக்கம் திருப்பி வெச்சாங்க. கீழ 'பரிசோதித்தவர் கையெழுத்து'ன்னு ஏற்கெனவே அச்சடிச்சிருந்துச்சு. அது கம்பெனி ஃபாரம். எதுக்கும் இடம் விட்டுத்தான் அச்சடிப்பாங்க.

கையெழுத்து போட்டாரு. போன்ல கைதட்டுற சத்தம் கேட்டுச்சு.

கடைசியா ஒரு நூலைப் பிடிச்சுப் பாத்தாரு. "வீடு நம்ம கைக்கு வர்றதுக்கு ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் எல்லாம் இப்படியேதான் இருக்கும். ஒண்ணும் அவசரமில்லை."

"எப்படிங்க இப்படியே இருக்கும்? இந்தத் தண்ணி வர்ற வீட்டுல என்னை வெச்சிருக்க மாட்டேன்னு இப்பத்தானே சத்தியம் பண்ணினீங்க. வீடு மாறுற வரைக்கும் தண்ணியையாவது மாத்தணும்ல."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினா கிருமி சாகும். உரம் சாகுமா? கடிகாரக்காரர்கிட்ட கேட்டுட்டேன். அந்தக் கிணத்துலயே தினமும் பிடிச்சுக்கச் சொல்லிட்டாரு. ரெண்டு கேன் போதும் நமக்கு."

"தினமும் ரெண்டு கேனைத் தூக்கிக்கிட்டு நான் பஸ்ல வரணுமா?"

"பஸ் எதுக்கு? அத்தான் காரைக் கொண்டுட்டு வர்றேன்னுட்டாரு. தினமும் காலையில அஞ்சரைக்கு."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை தண்ணி குடிக்கமாட்டீங்களா?"

"சகலை!" ன்னுச்சு போனு. "கிணத்துக்கு வர்றப்ப நான் ஓட்டுறேன். தண்ணியோட திரும்பிப் போறப்ப ஸ்டியரிங் உங்ககிட்டதான். ரெண்டே மாசத்துல லைசென்ஸ் வாங்கிடலாம்."

செக்கர் சம்சாரத்தைப் பாத்தாரு. அந்தம்மா அலமாரியிலேயிருந்து ரெண்டு வெள்ளைக் கேனை எடுத்து, துடைச்சு, ஒண்ணுல '1', இன்னொண்ணுல '2'ன்னு லேபிள் ஒட்டி, கதவோரமா வெச்சுட்டு சொன்னாங்க:

"திருப்பத்துல மட்டும் மெதுவா ஓட்டுங்க. தண்ணி தளும்பும்."